லக்னோ ஜெனரலின் உயில், பாளையங்கோட்டைத் தமிழில்

பாளையங்கோட்டை தெற்கு பஜாரிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஒளிநகல் கடையின் மாடியில், பழைய ஆங்கிலப் பத்திரங்களையும் கடிதங்களையும் படித்துத் தமிழில் எழுதித் தரும் சேவை ஒன்று நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, கீழே கடைக்காரரிடம் கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார். நடத்துபவர்கள் இருவர்: கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும், சட்டம் படித்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போகாமல் கணினியின் முன் உட்கார்ந்துவிட்ட அவருடைய அண்ணன் மகளும். அங்கே படியேறுபவர்களில் பெரும்பாலோர் பாகப்பிரிவினை வழக்குக்காகத் தாத்தா காலத்து மூலப்பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள். நான் கொண்டுபோனது வேறு வகை ஆவணம்: 1800ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதியிட்டு லக்னோவில் மேஜர் ஜெனரல் கிளாட் மார்ட்டின் எழுதிவைத்த உயிலின், 19ஆம் நூற்றாண்டில் அச்சான பிரதியின் ஒளிநகல்.

எதற்காகக் கொடுத்தேன் என்பதைச் சொல்லாவிட்டால் நான் கூறப்போகும் நிறைகுறைகள் விளங்கா. 31 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவன் நான். எழுதிய உயில்களின் கணக்கு எனக்கே நினைவில்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் ஏதேனும் ஒரு பழைய ஆவணத்தை எடுத்து, முழுமையாக வாசித்து, அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. என் முறை வந்தபோது, மார்ட்டினின் உயிலைத் தவிர வேறெதையும் எடுக்க மனம் வரவில்லை. ஒரு பத்திர எழுத்தனுக்கு அதைவிடச் சுவையான உயில் கிடைப்பது அரிது: வழக்கறிஞர் துணையின்றித் தானே எழுதிய உயில், எழுதியவருக்கு மனைவியும் இல்லை, முறைப்படியான பிள்ளைகளும் இல்லை, ஆனால் வீடு நிறைய மனிதர்கள், அவர் இறந்தபின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த எழுத்துக்குப் பொருள் என்ன என்று நீதிமன்றங்கள் மண்டையை உடைத்துக்கொண்டன.

மார்ட்டின் 1735இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். 1750களின் தொடக்கத்தில் சாதாரணச் சிப்பாயாகப் புதுச்சேரிக்கு வந்தார். பிரெஞ்சுக்காரர்களின் நிலை சரிந்துகொண்டிருந்த 1760இல் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். பிறகு அயோத்தி நவாபின் ஆயுதச்சாலையைக் கவனித்துக்கொண்டு லக்னோவில் தங்கிவிட்டார். அவுரி வணிகம், வட்டிக்குப் பணம் கொடுத்தல், வீடுகளைக் கட்டி வாடகைக்கு விடுதல் என்று அவர் கை வைக்காத தொழில் குறைவு. 1785இல் லக்னோவில் வெப்பக்காற்று பலூன் பறக்கவிட்டவரும் அவரே. மூன்றாம் மைசூர்ப் போரில் கார்ன்வாலிஸுக்குத் துணை அதிகாரியாகப் போய்வந்தார். 1800 செப்டம்பர் 13 அன்று லக்னோவில் இறந்தார். கல்கத்தா, லக்னோ, லியோன் ஆகிய மூன்று ஊர்களிலும் லா மார்ட்டினியர் என்ற பெயரில் பள்ளிகள் இருப்பது இந்த உயிலால்தான்.

இது நம்முடைய பக்கத்துக் கதை இல்லையே என்று வட்டத்தில் ஒருவர் முன்கூட்டியே கேட்டார். 1799 அக்டோபரில் மேஜர் பானர்மன் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு இரண்டரை மாதம் ஆவதற்குள், அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்னொரு படை அதிகாரி, தம் வீட்டில் இருந்தவர்களுக்கு யார் யாருக்கு என்ன என்று உட்கார்ந்து எழுதினார் என்று பதில் சொன்னேன். அந்த இரண்டு செய்திகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் கம்பெனி அதிகாரி என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது தெரியும்.

இனிச் சேவைக்கு வருவோம். கட்டணம் பக்கத்துக்கு 220 ரூபாய். தமிழாக்கத்தின் பக்கத்தைத்தான் கணக்கிடுகிறார்கள், மூலத்தின் பக்கத்தை அல்ல. பாதியை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். எனக்கு 38 பக்கம் வந்தது. மொத்தம் 8,360 ரூபாய். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்னார்கள். ஐந்து வாரம் ஆயிற்று. இடையில் இரண்டு முறை தாமாகவே தொலைபேசியில் அழைத்துத் தாமதத்தைச் சொன்னார்கள் என்பதால் எனக்கு வருத்தமில்லை, ஆனால் நீதிமன்றத் தவணையை நம்பி வருபவர்கள் இந்த இரண்டு வாரத்தையும் சேர்த்தே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று அடித்துச் சுருள்கம்பி போட்டுத் தருகிறார்கள். வாட்ஸாப்பிலும் கோப்பை அனுப்புகிறார்கள். அடிக்குறிப்புகளின் எழுத்து மட்டும் எறும்பைப் போல இருக்கிறது; என் வயதுக்காரர்கள் கோப்பைப் பெரிதாக்கித்தான் படிக்க முடியும்.

மார்ட்டினின் ஆங்கிலம் பிரெஞ்சுக்காரரின் ஆங்கிலம். எழுத்துக்கூட்டல் அவருக்கே உரியது; நிறுத்தற்குறிகளைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை; ஒரு வாக்கியம் தொடங்கினால் மூச்சு முட்டும்வரை ஓடும். பேராசிரியர் இதை எவ்வளவு பொறுமையாகப் பிரித்திருக்கிறார் என்பது இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டால்தான் தெரியும். நீண்ட வாக்கியங்களை அவர் சிறு சிறு வாக்கியங்களாக உடைத்திருப்பது பொதுவாக வாசிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் உயில் எழுதுபவன் கண்ணுக்கு அதில் ஓர் ஆபத்து தென்படுகிறது. ஒரு கொடையும் அதற்கான நிபந்தனையும் ஒரே வாக்கியத்தில் பிணைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கொடையை ஒரு வாக்கியமாகவும் நிபந்தனையை அடுத்த வாக்கியமாகவும் பிரித்தால், நாளைக்கு ஒருவர் முதல் வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்காட வருவார். நம் ஊர் உயில் சாசனங்கள் தொடங்கிய வாக்கியத்தைக் கடைசிப் பக்கத்தில்தான் முடிக்கின்றன என்று கேலி செய்பவர்களுக்கு இந்தக் காரணம் தெரியாது. இதைச் சுட்டிக்காட்டியபோது பேராசிரியர் மறுக்காமல் ஏற்று, ஏழு இடங்களில் மறுபடி இணைத்துக் கொடுத்தார்.

பணக்கணக்கில் முதல் வரைவு சறுக்கியது. உயிலின் தொகைகள் சிக்கா ரூபாயில் உள்ளவை. கல்கத்தாவில் பள்ளிக்கென்று ஒதுக்கியது 2,00,000 சிக்கா ரூபாய், லியோனுக்கும் அதே தொகை. உள்ளூர் மணம் இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, முதல் வரைவில் இவற்றை ‘வராகன்’ என்று போட்டிருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை அதிகாரியின் உயிலாக இருந்தால் அங்கே வழங்கிய தங்க நாணயமான நட்சத்திர வராகன் சரி. ஒரு வராகன் மூன்றரை ரூபாய்க்குச் சமம் என்பது பிற்காலக் கணக்கு. அந்த ஒரு சொல்லால் லியோன் நகரத்துப் பிள்ளைகளுக்கு மூன்றரை மடங்கு பணம் போய்ச் சேர்ந்துவிட்டது! திருத்தப்பட்ட பிரதியில் ‘சிக்கா ரூபாய்’ என்றே விட்டு, அது வங்காளத்து நாணயம், பிற்காலக் கம்பெனி ரூபாயைவிடச் சற்று மதிப்புக் கூடியது, 15 சிக்கா ஏறத்தாழ 16 கம்பெனி ரூபாய் என்று அடிக்குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். இப்படித்தான் இருக்க வேண்டும்.

உடலடக்கத்தைப் பற்றிய பகுதி அவர்களுடைய திறமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. தம் உடலை உப்பிட்டோ சாராயத்தில் இட்டோ தைலமிட்டோ பதப்படுத்தி, தம் கிடங்கிலேயே இருக்கும் ஈயத் தகட்டால் பெட்டி செய்து அதில் வைத்து, அந்தப் பெட்டியை இரண்டு அங்குலக் கனமுள்ள சிஸ்ஸூ மரப் பெட்டிக்குள் வைத்து, தாம் கட்டிய மாளிகையின் நிலவறையிலேயே அடக்க வேண்டும் என்கிறார் மார்ட்டின். கிடங்கில் ஈயத் தகடு கிடக்கிறது என்பதை உயிலில் நினைவூட்டும் மனிதர் எப்படிப்பட்ட கணக்காளராக இருந்திருப்பார் என்று பாருங்கள். சிஸ்ஸூ மரத்தை முதலில் தேக்கு என்று எழுதிவிட்டு, பிறகு தாமாகவே அது தவறென்று கண்டு, நம் மலைப்பக்கத்து ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த வடநாட்டு மரம் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். சொல்லை மாற்றாமல் குறிப்பில் விளக்கியது அழகு. தம் கல்லறையில் என்ன பொறிக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவைத்தார்: சாதாரணச் சிப்பாயாக இந்தியாவுக்கு வந்தவர், மேஜர் ஜெனரலாக இறந்தார் என்பது அதன் சாரம். அந்த வரியின் தமிழாக்கத்தை எங்கள் வட்டத்தில் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். மாளிகையை நவாப் எடுத்துக்கொள்ளாமல் இருக்கவே அதைக் கல்லறையாக்கினார் என்றொரு பேச்சு லக்னோவில் உண்டு. இதைச் சேவையினர் குறிப்பில் சேர்த்துவிட்டு, பேச்சு என்றே அடையாளமும் இட்டிருந்தார்கள். கல்லறை 1857 கிளர்ச்சியின்போது உடைக்கப்பட்டது.

சட்டச்சொற்களைப் பொறுத்தவரை பேராசிரியரின் அண்ணன் மகளான அந்தப் பெண்ணின் படிப்பு கைகொடுத்திருக்கிறது. நிறைவேற்றாளர், உயில் இணைப்பு, எஞ்சிய சொத்து எல்லாம் இடம் பார்த்து வந்திருக்கின்றன. ஒரு சொல்லில் மட்டும் எனக்கும் அவருக்கும் நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. வீட்டில் இருந்த பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் அவர்கள் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் கொடுக்கச் சொல்லும் தொகையை அவர் ‘ஓய்வூதியம்’ என்று எழுதியிருந்தார். அகராதியில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அதுதான் பொருள். ஆனால் ஓய்வூதியம் என்றால் வேலை பார்த்து, வயதாகி, அரசாணைப்படி வாங்குவது. ஆயுள்வரை சோற்றுக்கும் துணிக்கும் கொடுப்பதற்கு நம் பத்திரங்களில் நூறாண்டுகளாக இருக்கும் சொல் ‘ஜீவனாம்சம்’. அது சமஸ்கிருதச் சொல்லாயிற்றே, தூய தமிழில் போடக் கூடாதா என்றார். தூய்மையைப் பார்த்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பாதிச் சொற்களை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றேன். கடைசியில் ‘ஆயுள் ஜீவனாம்சம்’ என்று முடிவாயிற்று.

இதுவரை சொன்னவை எல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். இனிச் சொல்வது அப்படிப்பட்டதன்று. இந்தச் சேவையைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதை மட்டுமாவது கவனிக்க வேண்டும். ஆவணத்தில் உள்ள மனிதர்களின் நிலையைச் சொல்லும் சொற்களை இவர்கள் மரியாதை கருதி மென்மையாக்கிவிடுகிறார்கள். வழக்குப் பத்திரத்தில் இது பெரிதாகத் தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டு அதிகாரியின் உயிலில் இது ஆவணத்தையே தலைகீழாக்கிவிடும்.

மார்ட்டின் விலைக்கு வாங்கிய ஆண்களும் பெண்களும் அவர் வீட்டில் இருந்தார்கள். விதையடிக்கப்பட்டு அந்தப்புரக் காவலில் வைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் விடுதலை கொடுக்கிறேன் என்று உயில் சொல்கிறது. முதல் வரைவில் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது, ஏனென்றால் அங்கே, தம் ஆண் பணியாளர்களுக்கும் பெண் பணியாளர்களுக்கும் அவர் விடுதலை அளிப்பதாக இருந்தது. பணியாளருக்கு எப்படி விடுதலை கொடுப்பது? பணியாளரை வேலையிலிருந்து நீக்கலாம், அவ்வளவுதான். ஒரு சொல்லை நாகரிகமாக்கியதால், அடிமைகளை விடுவித்த ஜெனரல் ஆட்குறைப்பு செய்த முதலாளியாகிவிட்டார். அது மட்டுமில்லை, விடுதலை கொடுத்தார் என்ற பெருமையைப் பேசும் முன், அதுவரை அவர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தவரும் அவரேதான் என்ற செய்தி அந்தத் தமிழில் காணாமல் போய்விட்டது.

மாடிக்குப் போய் இதைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, அடிமைன்னு அப்படியே போட்டா வாசிக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா?” என்றார் அந்தப் பெண்.

“இருக்கட்டும்மா. வாங்கினவரு கூச்சப்படாம எழுதியிருக்காருல்லா, நாம எதுக்குக் கூச்சப்படணும்?” என்றேன்.

பேராசிரியர் இடையில் புகுந்து, தமிழில் ‘அடிமை’ என்ற சொல்லுக்குப் பக்தியின் வாசனை ஏறிவிட்டது, அடியேன், அடியார் என்றெல்லாம் அது கோயிலுக்குள் போய்விட்டது, அதனால்தான் தவிர்த்தோம் என்றார். இது நல்ல வாதம்தான். ஆனால் புத்தூரில் கிழவேதியராக வந்த இறைவன் சுந்தரரின் திருமணப் பந்தலில் நீட்டியதாகச் சொல்லப்படுவதே ஆளோலை எனும் அடிமைப் பத்திரம்தான். பக்தியின் வாசனை ஏறுவதற்கு முன்பே அந்தச் சொல் பத்திரத்துக்குச் சொந்தமானது. நம் தாமிரபரணிக் கரையிலும் வயலோடு சேர்த்து ஆட்களை விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள். அடிமை நிலையைக் கம்பெனி நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற சட்டம் 1843இல்தான் வந்தது. மார்ட்டினின் உயில் அதற்கு 43 ஆண்டுகள் முந்தியது. அந்தக் காலத்து ஆவணத்தில் அந்தச் சொல்லை மறைத்தால், நம் ஊரிலும் அது இல்லாததுபோல் ஆகிவிடும் என்றேன். மறுவரைவில் ‘அடிமை’ வந்தது.

விதையடிக்கப்பட்டவர்களை ‘திருநங்கையர்’ என்று எழுதியிருந்ததும் இதே வகைத் தவறு. இன்றைய ஒருவர் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் மதிப்பான சொல் அது. சிறுவயதில் யாரோ செய்த வன்முறையால் அந்த நிலைக்கு ஆளாக்கப்பட்டு விற்கப்பட்டவருக்கு அதைச் சூட்டுவது இருவருக்குமே பொருந்தாது. பழைய வசைச்சொற்களும் வேண்டாம். நடந்ததை அப்படியே விரித்து எழுதுவதே நேர்மை. இரண்டு சொல் கூடினால் கூடட்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான இடம் பூலோன் லீஸ் என்ற பெண்ணைப் பற்றியது. ஒன்பது வயதளவில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து மார்ட்டின் அவளை விலைகொடுத்துப் பெற்றார். எழுதப் படிக்க வைத்து வளர்த்தார். பிறகு அவளோடு வாழ்ந்தார். உயிலில் அவளைப் பற்றி அன்போடும் விரிவாகவும் எழுதி, ஆயுள் முழுவதற்கும் வழி செய்துவைக்கிறார். அவர் காலத்துக்குப் பின் 44 ஆண்டுகள் வாழ்ந்து 1844இல் அந்த அம்மையார் இறந்தார். லக்னோ பள்ளி வளாகத்திலேயே அவருடைய கல்லறை இருக்கிறது. வீட்டில் வளர்ந்த ஜுல்பிகர் என்ற பையனுக்கும், பின்னாளில் ஜேம்ஸ் மார்ட்டின் என்று பெயரிடப்பட்டவன் அவன், உயில் வழி செய்கிறது. முதல் வரைவில் பூலோன் ‘தத்தெடுத்து வளர்த்த பெண்’ என்று ஓரிடத்திலும், ‘வாழ்க்கைத்துணைவி’ என்று இன்னோரிடத்திலும் வந்தார். இந்த இரண்டையும் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்த பக்கங்களில் எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? தத்து என்பதற்குச் சட்டத்தில் தெளிவான பொருள் இருக்கிறது, மகள் என்ற நிலையை அது கொடுக்கிறது. மூலத்தில் இருப்பது விலைக்கு வாங்கியது. அதையும் எழுத வேண்டும்; அதன்பின் கூடி வாழ்ந்ததையும் எழுத வேண்டும்; உயில் காட்டும் பாசத்தையும் விட்டுவிடக் கூடாது. மூன்றும் ஒரே மனிதர் ஒரே பெண்ணுக்குச் செய்தவை, எதை அழித்தாலும் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும்.

மார்ட்டின் ஒருவர் மட்டுமா இப்படி எழுதினார் என்று கேட்டால், இல்லை. 1780 முதல் 1785 வரையிலான வங்காளத்து ஆங்கிலேயர் உயில்களை எண்ணிப் பார்த்தவர்கள், மூன்றில் ஒன்றில் இந்தியத் துணைவியருக்கோ அவர்களுடைய பிள்ளைகளுக்கோ ஏதேனும் எழுதிவைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பெண்ணின் பெயரையே எழுதாமல் ‘என் வீட்டிலிருக்கும் பெண்’ என்று விட்டுவிட்ட உயில்களும் அந்தக் காலத்தில் உண்டு. பெயர் எழுதியவர்களில் மார்ட்டின் ஒருவர்.

பெயரில்லாமல் போனவர்களைப் பற்றி நினைக்க நாம் லக்னோவுக்குப் போக வேண்டியதில்லை. அந்த மாடியிலிருந்து இறங்கி நடந்தால் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்ற பழைய தேவாலயம் வந்துவிடும். தஞ்சாவூரில் விதவையான மராட்டியப் பிராமணப் பெண் ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்து, அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்தவர். அதிகாரி உயிரோடு இருந்தவரை அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் இசையவில்லை. அதிகாரி இறந்து, சொத்து அவர் கைக்கு வந்தபின், 1778இல் குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். 1785இல் எழுந்த அந்தக் கோவில் அவர் முயற்சியில் கட்டியது. 1780இல் நாற்பது பேரைக் கொண்டு தொடங்கிய திருநெல்வேலிச் சபையின் கதையே ஒரு படை அதிகாரி தம் வீட்டுப் பெண்ணுக்கு விட்டுப்போன சொத்தோடு பிணைந்திருக்கிறது. ஊரார் அவருக்கு வைத்த பெயர் சாதிப் பெயர். சபை வைத்த பெயர் இத்தாலியப் பெயர். கோவில் அந்த முதற்பெயராலேயே இன்றும் வழங்குகிறது. இதை வாசகர் வட்டத்தில் சொன்னபோது, தினமும் அந்த வழியாகப் பேருந்துக்கு நடப்பவர்கள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

குடும்பம் என்ற சொல்லும் இந்த உயில்களில் நம் பொருளில் வருவதில்லை. மார்ட்டின் லியோனில் இருந்த உடன்பிறந்தாருக்கும் உறவினருக்கும் எழுதிவைத்தார். மருதநாயகம் எனப்படும் யூசுப்கானைக் கம்பெனிப் படையில் வளர்த்துவிட்ட தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸோ, மணமாகாதவர், 1775இல் லண்டனில் இறந்தபோது தம் செல்வத்தை நண்பர் ராபர்ட் பாக்கின் குடும்பத்துக்கு விட்டுச்சென்றார். யூசுப்கான் மதுரையில் தூக்கிலிடப்பட்ட 1764இல் சென்னை ஆளுநராக இருந்தவர் அந்த ராபர்ட் பாக். பாக் நீரிணை என்று நாம் சொல்லும்போது அவர் பெயரைத்தான் சொல்கிறோம். லாரன்ஸ் உயில் எழுதினார், யூசுப்கானுக்கு எழுத நேரமும் கொடுக்கப்படவில்லை, எழுதியிருந்தாலும் யார் நிறைவேற்றியிருப்பார்கள்? (இது விமரிசனத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரிந்தே எழுதுகிறேன்.)

உயிலின் சட்ட வரலாற்றைப் பற்றிச் சேவையினர் இறுதியில் இணைத்திருக்கும் இரண்டு பக்க விளக்கம், கேட்காமலே கிடைத்த ஆதாயம். மார்ட்டின் கடைசிவரை பிரெஞ்சுக்குடிமகனாகவே இருந்தார். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி வேற்றுநாட்டவர் நிலம் வைத்திருக்க முடியாது. அப்படியானால் அவர் நிலம் அரசுக்குத்தானே போக வேண்டும், அறக்கொடைக்கு நிலத்தை எழுதிவைக்கத் தடை செய்யும் சட்டம் கல்கத்தாவுக்கும் பொருந்துமா என்றெல்லாம் கேள்வி எழுந்து, லியோன் நகர மேயருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த வழக்காக அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1836இல் அந்த இங்கிலாந்துச் சட்டங்கள் இங்கே தாமாக வந்து ஒட்டிக்கொள்ளா என்று தீர்ப்பானது. சட்டக்கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரும் அந்த வழக்கின் பெயரைக் கேட்டிருப்பார்கள். அதன் பின்னால் இப்படியொரு உயில் இருப்பது பலருக்கு நினைவிருக்காது. கல்கத்தாப் பள்ளி 1836இலும் லக்னோப் பள்ளி 1845இலும்தான் திறந்தன. லியோன்காரர்கள் முந்திக்கொண்டு 1826இலேயே தொடங்கிவிட்டார்கள். இந்தப் பகுதியை அந்தப் பெண் தாமே எழுதியிருக்கிறார். தமிழ் தெளிவாகவும் ஓட்டமாகவும் இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது வரும் தயக்கம் சொந்தமாக எழுதும்போது அவரிடம் இல்லை.

ஆகவே, யாருக்கு இந்தச் சேவை ஏற்றது? சொத்து வழக்குக்கு ஆங்கிலப் பத்திரத்தைத் தமிழாக்க வேண்டுபவர்கள் தயங்காமல் போகலாம்; அளவுகளும் எல்லைகளும் தொகைகளும் ஒரு திருத்தத்துக்குப் பின் நம்பத்தக்கவையாக இருக்கின்றன. குடும்ப வரலாறு தேடுபவர்களும் போகலாம், ஆனால் முதல் வரைவை வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது. மனிதர்களைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் மூலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு உட்கார வேண்டும். கேட்டால் முகம் கோணாமல் திருத்துகிறார்கள். இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதற்குக் கட்டணம் என்று சீட்டில் அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு நான்கு முறை திருத்திக் கொடுத்தும் கூடுதலாக வாங்கவில்லை. ஏலத்துக்கு வந்த நாற்காலியில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருப்பது முதுகுக்கு ஆகாது. மதியம் ஒன்று முதல் மூன்றுவரை பூட்டிவிடுகிறார்கள்.

மீதித் தொகையைக் கொடுக்கப் போன அன்று, என்னுடைய சொந்த உயிலின் வரைவையும் தட்டச்சு செய்யக் கொண்டுபோனேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் செல்லும் என்பதால் கையால் எழுதி வைத்திருந்தேன். 31 ஆண்டுத் தொழிலில் இதைத்தான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். பூரண அறிவுடனும் நல்ல நினைவுடனும், பிறர் தூண்டுதலின்றி என்று தொடங்கி, மகனுக்கு, மகளுக்கு, பேத்திக்கு என்று வரிசையாக வந்து, ஐந்தாவது பத்தியில் எங்கள் வீட்டில் பத்தொன்பது ஆண்டுகளாகச் சமைக்கும் அம்மாளுக்கு ஒரு தொகை எழுதியிருந்தேன். அந்தப் பெண் தட்டச்சு செய்துகொண்டே வந்தவர், அங்கே நிறுத்தினார்.

“அண்ணாச்சி, ‘வீட்டு வேலைக்காரிக்கு’ன்னு மட்டும் போட்டிருக்கீங்க. இவங்களுக்குப் பேரு கிடையாதா?”

பெயரையும் தகப்பனார் பெயரையும் முகவரியையும் சொன்னேன். அந்தப் பக்கத்துக்குக் கட்டணம் வேண்டாம் என்றார். நான் 220 ரூபாயை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன்.